பன்னிரண்டு கட்டங்களும் பார்க்காத வளாகமும்

பொது உயர்கல்விக் கூடங்களில் இடம் கேட்டு விண்ணப்பிக்கும் யு.பி.யு. இணையப் பக்கத்தில் ஒரு மாணவர் பன்னிரண்டு துறைகள் வரை தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தலாம். அந்தப் பன்னிரண்டு கட்டங்களை எப்படி நிரப்பினீர்கள் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு கட்டங்கள் கனவு. அடுத்த இரண்டு மூன்று, அக்காளின் தோழி படித்த துறை, மாமா மகன் படித்த துறை. மீதியெல்லாம் கடைசி நாளுக்கு முந்திய இரவில், "ஏதாவது போடு, காலியா விடாதே" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லச் சொல்ல நிரப்பியவை. ஆனால் கிடைப்பது ஏழாவது கட்டத்தில் போட்டதாக இருந்தால், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள் அதற்குள்தான் வாழ வேண்டும்.

இப்படி நிரப்புகிறவர்களில் பலர், தாங்கள் எழுதிக் கொடுக்கும் பல்கலைக்கழகத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பெட்டி, தலையணை, வாளி சகிதம் பதிவு நாளன்று குடும்பத்தோடு போய் இறங்கும்போதுதான் அந்த வளாகத்தை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ஒரு கைப்பேசி வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோம்.

கோலாலம்பூரிலிருந்து எங்கோ தொலைவில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் இப்படிச் செய்தால் புரிந்துகொள்ளலாம். புக்கிட் மெர்தாஜாம் பிள்ளைகள் செய்வதுதான் வியப்பு. நம் ஊரைச் சுற்றி இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். மெங்குவாங்கில் துவாங்கு பைனுன் ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது. பெர்மாத்தாங் பாவில் 1998-இல் தொடங்கிய செபராங் பிறை போலிடெக்னிக் இருக்கிறது. அதே பெர்மாத்தாங் பாவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் உண்டு. பூமிபுத்ரா மாணவர்களுக்கானது என்பதால் நம் பட்டியலில் அது வருவதில்லை. தெற்கே நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின், அதாவது யு.எஸ்.எம்.மின் பொறியியல் வளாகம். கடலைத் தாண்டினால் குளுகோரில் அதன் தலைமை வளாகம். வடக்கே கெடாவில், செமெலிங்கில், 2001-இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். எல்லாமே காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் தூரம்.

நிபோங் திபால் வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். பேராக், துரோனோவில் இயங்கிய யு.எஸ்.எம். பொறியியல் பள்ளிகள் 2001-இல் இங்கு இடம் மாறி வந்தன. விமானவியல், வேதியியல், கட்டுமானம், மின்னியல், இயந்திரவியல், பொருளியல்-கனிமவளம் என்று ஆறு பொறியியல் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. இந்தக் கடைசிப் பெயரைக் கேட்டதும் பணத்தைப் பற்றிய படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். உலோகம், பீங்கான், நெகிழி போன்ற பொருள்களையும், மண்ணிலிருந்து எடுக்கும் கனிமங்களையும் பற்றிய படிப்பு அது. பொறியியல் என்றாலே மின்னியல் அல்லது இயந்திரவியல் என்று நினைக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியும்? புக்கிட் மின்யாக்கிலும் பிறையிலும் ஜூருவிலும் தொழிற்சாலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். அப்பா நிற்கும் அதே தொழிற்கூடத்தில் ஒரு பொறியாளர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்று தெரியாமலேயே 'பொறியியல்' என்று கட்டத்தில் எழுதுகிறோம். ஓர் ஆய்வுக்கூடத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தாலே, நமக்கு இது ஒத்து வருமா வராதா என்று ஓரளவு தெரிந்துவிடும். ஒத்து வராது என்று தெரிவதும் லாபம்தான்.

சரி, நினைத்தவுடன் உள்ளே போய்விட முடியுமா? முடியாது. வாசலில் காவலர் இருப்பார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வளாகங்கள் தாங்களாகவே கதவைத் திறந்து வைக்கும் நாள்கள் இருக்கின்றன. பட்டமளிப்பு விழாவை ஒட்டிப் பல பல்கலைக்கழகங்களில் கண்காட்சியும் கடைகளும் களைகட்டும். பட்டம் வாங்குகிறவரின் உறவினர் மட்டுமல்ல, ஊராரும் வந்து போவார்கள். திறந்த நாள், துறைகளின் கண்காட்சி, மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டக் காட்சி, பொதுச் சொற்பொழிவு, இந்திய மாணவர் கழகங்களின் கலை இரவு, பேச்சுப் போட்டி, விவாதம் என்று பல்கலைக்கழக நாள்காட்டியில் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். பல்கலைக்கழகத்தின் முகநூல் பக்கத்தையும் படவரிப் பக்கத்தையும் பின்தொடர்ந்தாலே இவற்றில் பாதி தெரிந்துவிடும். மீதிக்கு, பள்ளியின் பெயரில் ஒரு கடிதம் போதும். மாணவர் விவகாரப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, ஒரு வகுப்பையே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பாராட்டு.

கேட்கவே வேண்டாத கதவு ஒன்றும் உண்டு. குளுகோர் வளாகத்தில் இருக்கும் துவாங்கு பவுசியா அருங்காட்சியகமும் கலைக்கூடமும் பொதுமக்களுக்கானவை. வேலை நாளில் போவது நல்லது. திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கி, பிறகு பிரிட்டிஷ் இராணுவத்தின் பழைய மிண்டன் முகாமுக்குக் குடிபெயர்ந்த பல்கலைக்கழகம் அது. இராணுவக் கட்டடங்களில் சில இன்றும் அலுவலகமாகவும் வகுப்பாகவும் இருக்கின்றன. அந்தக் குன்றுச் சாலைகளில் ஒரு சுற்று நடந்து வந்தாலே, பல்கலைக்கழகம் என்றால் மனத்தில் இருக்கும் மிரட்சி பாதி குறைந்துவிடும்.

வளாகத்தில் நடப்பதெல்லாம் வளாகத்துக்குள் இருப்பவர்களுக்கே என்ற எண்ணம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது சரியில்லை என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. செரோக் தோக் குன்னில், புனித அன்னம்மாள் தேவாலய வளாகத்தில், எழுத்து பொறித்த ஒரு பழம் பாறை இருக்கிறது. பல்லவ எழுத்து வகையில் அமைந்த பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு அது. திருவிழாக் காலத்தில் அதைக் கடந்து போகாத புக்கிட் மெர்தாஜாம் குடும்பம் குறைவு. நின்று பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. இந்தப் பாறை, பூஜாங் பள்ளத்தாக்கு, அதன் அருகில் சுங்கை பத்துவில் கிடைத்த இரும்பு உருக்கிய தடயங்கள் எல்லாம் சேர்ந்து சொல்லும் பழைய கதையை ஆராய்கிறவர்கள் யு.எஸ்.எம்.மின் தொல்லியல் ஆய்வாளர்கள். 2017-இல் நம் செபராங் பிறையின் வடபகுதியில், குவார் கெப்பாவில், புதிய கற்காலத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர்களும் அவர்களே. 'பினாங்குப் பெண்' என்று ஏடுகள் எழுதின. இவர்களில் ஒருவர் மேடையேறிப் பேசும்போது அது நம் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பற்றிய பேச்சு. வரலாற்றுப் பாடத்தை மனப்பாடம் செய்யும் ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால், தொல்லியல் என்று ஒரு படிப்பு இருப்பதும் அதைப் படித்தவருக்கு வேலை இருப்பதும் அவருக்குத் தெரியவரும்.

கல்விக் கண்காட்சிக்குத்தான் போகிறோமே என்று சிலர் சொல்லலாம். பேரங்காடிகளில் தனியார் கல்லூரிகள் நடத்தும் கண்காட்சிகள் தவறில்லை. ஆனால் அங்கே மேசைக்குப் பின்னால் இருப்பவரின் வேலை உங்களைச் சேர்ப்பது. உபகாரச் சம்பளம், மடிக்கணினி, முன்பதிவுக் கழிவு என்று அவர் சொல்லும் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்தை மட்டும் அன்றே போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து, மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.யின் இணையப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயர் இருக்க வேண்டும். பொறியியல் பட்டம் என்றால் பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரம், மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் வேறாகப் பார்க்க வேண்டும். படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு தவித்த குடும்பங்கள் உண்டு. கல்விக் கடனை அடைக்கிற பொறுப்பு அப்போதும் பிள்ளையின் தலையில்தான்.

வளாகத்துக்குப் போகும் நாளில் யாரிடம் பேசுவது? விளக்கமளிக்க நியமிக்கப்பட்டவரிடம் பேசுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நம் யோசனை, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்பது. முதலாம் ஆண்டு மாணவருக்கு இன்னும் புது மயக்கம் தீர்ந்திருக்காது. இறுதியாண்டு மாணவருக்கு வேலை தேடும் கவலை. இரண்டாம் ஆண்டுக்காரர்தான் உள்ளதை உள்ளபடி சொல்வார். முதல் பருவத்தில் எந்தப் பாடத்தில் அதிகம் பேர் தோற்றார்கள், விடுதியில் இடம் எத்தனை ஆண்டு கிடைக்கும், பிறகு வாடகை என்ன ஆகும், தொழிற்பயிற்சிக்கு இடம் தாங்களே தேடிக்கொள்ள வேண்டுமா, மலாயிலும் ஆங்கிலத்திலும் விரிவுரை நடக்கும்போது எப்படிச் சமாளித்தார்கள் என்றெல்லாம் கேளுங்கள். சபா, சரவாக், பெர்லிஸ் என்று தொலைவில் இடம் கிடைத்ததும் 'பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது' என்று வந்த வாய்ப்பை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே படித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கும் ஓர் அக்காளோடு அம்மாவைப் பத்து நிமிடம் பேசவிட்டால் போதும், பல வீடுகளில் முடிவு மாறும்.

மெங்குவாங்கைப் பற்றித் தனியாக ஒரு சொல். ஆசிரியராக விரும்பும் மாணவர்களில் சிலர் யு.பி.யு.வில் எழுதினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கான பி.ஐ.எஸ்.எம்.பி. ஆசிரியர் பயிற்சிப் பட்டப்படிப்புக்குக் கல்வி அமைச்சிடம் வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கென்று தனிக் காலக்கெடு, தனி நேர்முகத் தேர்வு. இந்த ஒரு செய்தி நேரத்தோடு கிடைக்காமல் ஓர் ஆண்டு வீணாவது கொடுமை. அதுவும் கல்விக் கழகம் நம் ஊரிலேயே இருக்கும்போது.

இனி, ஏற்கெனவே வளாகத்துக்குள் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு.

நீங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளை நாம் குறை சொல்லவில்லை. தேர்வுக்கும் ஒப்படைப்புக்கும் நடுவே ஆதரவாளர்களைத் தேடி அலைந்து, மண்டபம் பிடித்து, ஒரு கலை இரவை மேடையேற்றுவது எவ்வளவு பாடு என்று தெரியும். ஆனால் அது யாருக்காக நடக்கிறது? இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடிகிற விழாவுக்கு அல்மாவிலிருந்து ஒரு பள்ளி மாணவி எப்படி வருவார்? அழைப்பு அட்டையில் வெளியார் வரலாமா, பதிவு செய்ய வேண்டுமா, எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பது இருக்கிறதா? பெரும்பாலும் இருப்பதில்லை. பெரிய எழுத்தில் நிகழ்ச்சியின் பெயரும், சிறப்பு வருகை தரும் பாடகரின் படமும் இருக்கும்.

மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980-களின் நடுவில் தொடங்கிய சிறுகதைப் போட்டியை நினைத்துப் பாருங்கள். மாணவர் பிரிவு, பொதுப் பிரிவு என்று நாட்டில் உள்ள எல்லாருக்கும் அதைத் திறந்து வைத்தார்கள். பரிசு பெற்ற கதைகள் 'பேரவைக் கதைகள்' என்று நூலாக வந்தன. தோட்டத்திலும் சிறு பட்டணத்திலும் இருந்து எழுதியவர்கள் அதில் இடம்பெற்றார்கள். மாணவர்கள் தொடங்கியதுதான் அது. தொடங்கியவர்கள் பட்டம் வாங்கிப் போன பிறகும் நூல்கள் இருக்கின்றன. அந்த அளவுக்கு எல்லாருக்கும் முடியாது. கலை இரவு நடக்கும் சனிக்கிழமையின் காலையில் இரண்டு மணி நேரத்தைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒதுக்குவது முடியும். துறைக்கு ஒருவராக ஆறு பேர் மேசை போட்டு உட்காருங்கள். ஒரு விரிவுரை அறையையும் ஓர் ஆய்வுக்கூடத்தையும் காட்டுங்கள். புக்கிட் மெர்தாஜாம், பிறை, பட்டர்வொர்த் இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களின் புலனத்துக்கு இரண்டு வாரம் முன்பே செய்தி போகட்டும். இதற்கு ஆதரவாளரும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். உங்களில் பலருக்கும் அந்த வயதில் இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் வேறு கட்டத்தை முதலில் எழுதியிருப்பீர்கள்.

போக்குவரத்துக்குக் காசில்லை என்பது உண்மையான கஷ்டம்தான். ஆனால் புக்கிட் மெர்தாஜாம் நிலையத்தில் கொமுட்டர் ஏறினால் சிம்பாங் அம்பாட், அதற்கு அடுத்தது நிபோங் திபால். இறங்கி நாலு பேர் சேர்ந்து ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம். குளுகோருக்கு என்றால் பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு பெர்ரி, அங்கிருந்து ரேபிட் பினாங்கு பேருந்து. பள்ளிச் சீருடையில் போங்கள், மாணவர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

வட மாநில வளாகங்களின் மாணவர் கழகங்கள் தங்கள் நிகழ்ச்சி விவரங்களை அனுப்பினால் வெளியிட இந்தப் பக்கத்தில் இடம் உண்டு. நாள், நேரம், இடம், வெளியார் வரலாமா என்பது, தொடர்பு கொள்ள வேண்டிய பொறுப்பாளர் ஆகிய விவரங்கள் போதும். ஒரே வேண்டுகோள், நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே எங்களுக்கு வந்து சேரட்டும். இதுவரை எங்களுக்கு அதிகம் வந்திருப்பவை, முடிந்துபோன நிகழ்ச்சிகளில் மாலை போடும் படங்கள்.