சுவரை அளந்த பின் கடைக்குச் செல்க



சென்ற மாதம் ஒரு நாள் அஸ்ருத் தொழுகை முடிந்து, மதரஸாப் பிள்ளைகள் வந்து அமர்வதற்குச் சற்று நேரமிருந்த வேளையில், கம்மாபுரத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். கையில் விருத்தாசலத்துக் கடை ஒன்றின் விலைச் சீட்டுகள் இரண்டு இருந்தன. "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. வட்டியில்லாத் தவணை என்று சொல்கிறார்கள். அதில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கலாமா?" என்று கேட்டார். கேள்வி என்னவோ வட்டியைப் பற்றியதுதான். ஆனால் அன்று நாங்கள் பேசியதில் பெரும்பகுதி பெட்டியைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. அந்தப் பேச்சு உங்களில் பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மதரஸா ஆசிரியனுக்குத் தொலைக்காட்சியில் என்ன வேலை என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். இல்லத்தில் அந்தப் பெட்டி இருக்கலாமா, கூடாதா என்னும் விவாதத்தை நான் இங்கே திறக்கவில்லை. இருப்பது என்று முடிவாகிவிட்ட குடும்பம் எதைத் தேர்வது என்பதே பேச்சு. வீட்டுத் தலைவர் ஒருவர் மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைச் செலவிடும்போது, அது வீண்விரயமாகாமல் பார்ப்பதும் மார்க்கம் சார்ந்த காரியந்தானே!

ஒரு காலத்தில் இந்தத் தேர்வே நமக்கு இருந்ததில்லை. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1982இல் வந்தது. அந்நாளில் சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே தயாரான பெட்டிகளில் ஒன்று ஊரில் எவர் வீட்டிலேனும் இருக்கும். எல்லோரும் அங்கே போய் அமர்வோம். பின்னர் 2006ஆம் ஆண்டுத் தேர்தலையடுத்து அரசே வீடுதோறும் 14 அங்குல வண்ணப் பெட்டியை இலவசமாக வழங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் தமிழகமெங்கும் போய்ச் சேர்ந்தன. உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்பும் வந்தது. அதன் நியாய அநியாயம் எப்படியிருப்பினும், எல்லா வீட்டிலும் ஒரே அளவு. ஒப்பிட்டு ஏங்குவதற்கு ஏதுமில்லை. நம் அன்பரின் இல்லத்தில் அந்தப் பெட்டி சென்ற ரமலான் வரை ஓடியது. ஸஹர் நேர நிகழ்ச்சியின் நடுவே பிக்சர் டியூப் மங்கி, முகங்களெல்லாம் நிழல்களாகிவிட்டனவாம்.

அவரிடமிருந்த சீட்டுகளில் ஒன்று 55 அங்குலம், ஃபோர் கே, ரொக்கத்துக்கு 34,000 ரூபாய். தவணையென்றால் மாதம் 3,000 வீதம் 12 மாதம். மற்றொன்று 43 அங்குலம், ஃபுல் எச்.டி., 20,500 ரூபாய். பெரியதையே வாங்கும்படி கடையில் வற்புறுத்தியிருக்கிறார்கள். அவருக்கும் அதில்தான் நாட்டம். காரணத்தைக் கேட்டேன். தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. இரு கண்களிலும் புரை நீக்கியாயிற்று. செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகள் தெரிவதில்லை என்கிறார். "அம்மாவுக்காகத்தான் ஹஜ்ரத், பெரியதாகப் பார்க்கிறேன்" என்றார். இந்தச் சொல்லைக் கேட்ட பின் அவரை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை.

"பாய், உங்கள் கூடத்தின் நீள அகலம் எவ்வளவு?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. கைப்பேசியில் மகனிடம் பேசி அளக்கச் சொன்னோம். கிழக்கு மேற்காக 12 அடி, வடக்குத் தெற்காக ஒன்பதரை அடி.

இப்போது, கடைக்காரர் எவரும் கேட்காத கேள்விக்கு வருகிறேன். கிப்லா எந்தப் பக்கம்? நம் ஊரில் மேற்கு. பெண்கள் தொழுவது அந்தக் கூடத்தில்தான். மேற்குச் சுவரில் பெட்டியை மாட்டினால், அணைத்து வைத்திருந்தாலும், பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி போன்ற திரையில் தொழுபவரின் உருவமே அவர் எதிரில் ஆடும். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உள்ளச்சம் எங்கே நிலைக்கும்? ஆகவே மேற்குச் சுவர் கழிந்தது. கிழக்கே வாசல். தெற்கே சன்னல். திரை எதிர்கொள்ளும் திசையில் சன்னல் இருந்தால் பகலில் வெளிச்சம் பட்டுக் கூசும் என்றாலும், அது திரையிட்டு மறைக்கக் கூடிய குறைதான். எனவே வடக்குச் சுவர். தெற்குச் சுவரோரம் அமர்பவரின் கண்ணுக்கும் பெட்டிக்கும் இடையே ஏறத்தாழ 8 அடி. இந்த 8 அடியிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும்.

அங்குலக் கணக்கு திரையின் மூலைக்கு மூலை அளப்பது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 32 அங்குலப் பெட்டியின் திரை அகலம் ஏறத்தாழ இரண்டேகால் அடி. 43 அங்குலத்துக்கு மூன்றடிக்குச் சற்று மேல். 55 அங்குலத்துக்கு நான்கடி. சுவரில் சாக்குக் கட்டியால் வரைந்து பாருங்கள். கடையின் விசாலமான தளத்தில் சிறியதாகத் தெரிந்தது, வீட்டில் வேறுவிதமாகத் தெரியும்.

திரையின் படம் சிறு புள்ளிகளால் ஆனது. எச்.டி. ரெடி எனப்படுவதில் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள், ஃபுல் எச்.டி.யில் 20 லட்சத்துக்கு மேல். ஃபோர் கேயில் ஏறத்தாழ 83 லட்சம். எண்ணிக்கை கூடினால் தெளிவும் கூடும் என்பது மெய்தான். ஆனால் நம் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைக் காட்டிலும் நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளை நல்ல கண்ணாலும் பிரித்தறிய இயலாது. இந்தக் கணக்கைப் போட்டால், 43 அங்குலத் திரையில் ஃபுல் எச்.டி.யின் புள்ளிகள் ஐந்தரை அடிக்கு அப்பாலிருந்து பார்க்கையில் ஒன்றாகிவிடும். 55 அங்குலத்துக்கு அந்த எல்லை ஏழடிக்குச் சற்று மேல். அப்படியானால் 8 அடியில் அமர்பவருக்கு, பெட்டி 43 ஆயினும் 55 ஆயினும், ஃபோர் கேயின் கூடுதல் புள்ளிகள் கண்ணில் படவே போவதில்லை. 32 அங்குல எச்.டி. ரெடியுங்கூட ஆறடிக்கு அப்பால் குறைவின்றித் தெரியும்.

அதைவிட முதன்மையானது, உங்கள் வீட்டுக்கு வரும் படம். அன்பர் வீட்டில் கேபிள் இணைப்பு. பெட்டி சாதாரண எஸ்.டி. அதில் வருவது 4 லட்சத்துச் சொச்சம் புள்ளிகளே. அந்தச் சிறு படத்தை 55 அங்குலத்துக்கு இழுத்து விரித்தால் முகமும் எழுத்தும் மசமசப்பாகத்தான் இருக்கும். கடையில் காட்டியதோ, ஃபோர் கேயில் எடுத்த மலர்களும் அருவிகளும். அதிலும் கடைக்கென்றே மிகையான வெளிச்சத்தில் வைக்கும் ஓர் அமைப்பு பெட்டியில் உண்டு. நீங்கள் போகும்போது வீட்டு அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். அருவியை நிறுத்திவிட்டுச் சாதாரணக் கேபிளில் டி.டி. தமிழையோ வேறு செய்திச் சேனலையோ போடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

"அப்படியானால் அம்மாவுக்கு எழுத்து எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்துத் தெரியாமைக்குப் புள்ளிகள் காரணமல்ல, அளவே காரணம். 8 அடிக்குப் பெரிய திரை கேட்கும் அவருடைய எண்ணமும் தவறன்று; திரைப்படம் பார்க்கும் ஆவலுடையவர் 55ஐயே சொல்வார். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள்: 8 அடியிலிருந்து 55 அங்குலத் திரை கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அதைவிடச் சற்றுப் பெரிதாகவே 6 அடியிலிருந்து 43 அங்குலத் திரை தெரியும். அம்மாவின் நாற்காலியை இரண்டடி முன்னே நகர்த்தினால் போதும். அதற்குத் தவணை இல்லை, ரொக்கமும் இல்லை.

"அருகில் அமர்ந்தால் கண் கெடாதா?" என்றார். இந்த அச்சம் பழைய குழாய்ப் பெட்டிக் காலத்து எச்சம். 1967இல் அமெரிக்காவில் சில வண்ணப் பெட்டிகளிலிருந்து அளவுமீறி எக்ஸ் கதிர் வெளிப்படுவது தெரிந்து அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். தட்டைத் திரையில் அந்தக் குழாயே கிடையாது. நெடுநேரம் பார்த்தால் கண் களைக்கும், அவ்வளவே. முதியவர்க்கு ஒன்று கவனிக்க வேண்டும்: வெளிச்சத்தை இரவில் குறைத்து வையுங்கள்; திரையின் நடுப்பகுதி அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இருக்கட்டும். உத்தரத்தின் அடியில் மாட்டிவிட்டுப் பாயில் அமர்ந்து அண்ணாந்து பார்க்கும் வீடுகளைக் காணும்போது என் கழுத்தே வலிக்கிறது.

ஒலியைப் பற்றியும் சொன்னேன். மெல்லிய பெட்டிகளில் ஒலிபெருக்கி பின்புறமோ அடிப்புறமோ ஒளிந்திருப்பதால் பேச்சு சுவரில் மோதியே வருகிறது. காது மந்தமான முதியவர் உள்ள வீட்டில், திரையில் மிச்சப்படுத்தும் பணத்தில் தனியொரு சிறு ஒலிபெருக்கி வாங்குவது பெரும் உபகாரம். எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்னும் பெயர்ப் போட்டியில் நம் அன்பரைப் போன்றோர் குழம்ப வேண்டியதில்லை. முதல் இரண்டும் பின்விளக்குள்ள ஒரே இனம். மூன்றாவதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். இருட்டறையில் அழகு, விலை அதிகம்.

இனி அவர் கேட்ட மஸ்அலா. பொருளை விற்பவரே, ரொக்க விலையைவிடக் கூடுதலான விலையை முதலிலேயே உறுதிசெய்து, தவணையில் வாங்கிக்கொள்வதைப் பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் ஆகுமெனக் கூறியுள்ளனர். இங்கே நடப்பது அதுவன்று. கடைக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவது நிதி நிறுவனம். நீங்கள் கடன்பட்டிருப்பதும் அதனிடமே. ரொக்கத்துக்கு 34,000, தவணையில் 36,000, அத்துடன் நடைமுறைக் கட்டணம் 700. கடனுக்கு மேற்பட்ட இந்த 2,700 ரூபாய்க்கு என்ன பெயர் சூட்டினாலும் என்ன? தவணை தப்பினால் அபராதமும் சேரும். பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது, வட்டி கட்டணமாக மறைக்கப்படுகிறது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்ததே! ஓர் ஆலிம் சொன்னால் பழமைவாதம் என்பார்கள். ரிசர்வ் வங்கியை என்ன சொல்வார்கள்? சில இடங்களில் கடை அதே வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கொடுத்து ஈடுசெய்கிறது. அங்கும் கடன் பத்திரத்தில் வட்டி என்றே எழுதியிருக்கும், கையொப்பம் உங்களுடையது. படித்துப் பாருங்கள்.

வரியைச் சொல்லியும் மனத்தைக் கலைக்க வேண்டாம். 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. சிறியதற்கும் அதே 18தான்.

ஸ்மார்ட் பெட்டி பற்றி ஓர் எச்சரிக்கை. நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பெட்டியே கண்டறிந்து நிறுவனத்துக்கு அனுப்பும் ஏற்பாடு பலவற்றில் உண்டு. பார்ப்பவர் அறியாமல் இதைச் செய்ததற்காக அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 2017இல் 22 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ள நேர்ந்தது. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் திருமறை அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் விலக்கியிருக்கிறது; நாமே காசு கொடுத்துத் துருவுபவரைக் கூடத்தில் அமர்த்துவானேன்? அமைப்புகளுக்குள் சென்று அதை அணைத்துவிடலாம். இணையத்தில் இணைக்காமலே விட்டாலும் பெட்டி பெட்டியாக வேலை செய்யும். பிள்ளைகள் தனியே யூடியூபில் மூழ்கும் கவலையுள்ள தாய்மார்க்கு இந்த இரண்டாவது வழி உகந்தது.

பழுது பார்ப்பதையும் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். குழாய்ப் பெட்டிக்கு பிளைபேக் போனால் ஊர் மெக்கானிக்கே மாற்றித் தந்தார். இன்று பேனல் போனால் புதுப் பெட்டி விலையில் பெரும்பகுதி போயிற்று. ஆகவே பேனலுக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு, கம்மாபுரம் வரை ஆள் வருவாரா, பெட்டியை நாம் தூக்கிச் செல்ல வேண்டுமா என்பவற்றைச் சீட்டிலேயே எழுதி வாங்குவது நல்லது. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை இடி உங்களுக்குத் தெரியும். ரிமோட்டில் அணைத்தால் போதாது. மின் பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிட வேண்டும். வயர் வழியாகவும் மின்னல் இறங்கும்.

மஃரிபுக்கு பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. அவர் 55 அங்குலச் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், கிழிக்கவில்லை. ஆசை அவ்வளவு எளிதில் போகுமா?

இரு வாரம் கழித்து கம்மாபுரத்தில் ஒரு நிக்காஹுக்குச் சென்றபோது அவர் இல்லத்துக்கும் போனேன். வடக்குச் சுவரில், கண்மட்டத்தில், 43 அங்குலப் பெட்டி. ரொக்கத்தில் வாங்கியது. பக்கத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கி. தாயாரின் நாற்காலி கூடத்தின் நடுப்பக்கம் வந்திருந்தது. அதனால் மருமகள் அடுக்களைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று சிரித்தபடியே குறைப்பட்டார். அந்த மூதாட்டி என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரையின் அடியில் ஓடிய எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக் காட்டினார். அன்றைய தங்கத்தின் விலை. 14 அங்குலப் பழைய பெட்டி எங்கே என்றேன். எடைக்குப் போட அவர் சம்மதிக்கவில்லையாம். பழைய சேலை ஒன்றைப் போர்த்திப் பரணில் வைத்திருக்கிறார்கள்.