இன்னும் ஒரு நடை

சென்ற வாரம் யட்டியாந்தோட்டையில் பெருமழை பிடித்துக்கொள்ள, ஒரு கராஜின் வாயிலில் ஒதுங்கி நின்றோம். உள்ளே கொழுந்து லொறியின் சாரதிக்கும் அதன் உரிமையாளருக்கும் வாக்குவாதம்.

"இன்னும் ஒரு நடை போய் வா, தம்பி. கேபிளை நாளைக்கு மாற்றலாம். குவித்த கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும்" என்றார் உரிமையாளர்.

"முடியாது முதலாளி. மூன்று நாளாகக் கியர் இறுகுகிறது. கினிகத்தேனை இறக்கத்தில் பாரத்தோடு இதை இறக்க மாட்டேன்" என்ற சாரதி, சாவியை மேசைமீது வைத்துவிட்டார்.

பழைய லொறிகள் பலவற்றில் கியர்த்தண்டு கியர்ப்பெட்டியின் மேலேயே அமர்ந்திருக்கும். சாரதியின் அறையை முன்புறம் கவிழ்க்கக்கூடிய இக்கால லொறிகள் பலவற்றில் தண்டையும் பெட்டியையும் இணைப்பவை 2 கேபிள்களே. ஒன்று கியரின் வரிசையைத் தெரிவு செய்யும். மற்றது கியரைப் போடும், எடுக்கும். கம்பி உறைக்குள் ஓடுவதால் அதன் தேய்வு கண்ணுக்குப் புலப்படாது. தண்டைப் பிடித்த கைக்கே புலப்படும். கியர் மாற்றும் வேளையில், நியூட்ரலில் அது அறுந்தால், இறக்கத்தில் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. சுமை முழுவதும் பிரேக்கின் தலையில் விழும்.

முதியவரான மெக்கானிக் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். பழைய கேபிள் சென்ற வழியை நன்கு பார்த்துக்கொண்டு அதைக் கழற்றினார். புதியதைக் கூரிய வளைவின்றி, புகைக்குழாயின் வெப்பம் படாமல் கொண்டு சென்று, இரு முனைகளையும் பூட்டினார். நியூட்ரலில் வைத்து நீளத்தைச் சரிசெய்தார். என்ஜினை இயக்காமலே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார்.

பின்னர் பழைய கேபிளின் உறையைப் பிளந்து காட்டினார். நீர் புகுந்து துருவேறிய கம்பியில் சில இழைகளே எஞ்சியிருந்தன. உரிமையாளர் ஒன்றும் பேசவில்லை. மேசைமீதிருந்த சாவியைத் தாமே எடுத்துச் சாரதியிடம் நீட்டினார்.

கெட்ட கொழுந்துக்குக் கணக்குப் பார்த்து ஈடு செய்யலாம். போன உயிருக்கு ஏது ஈடு? கீழ்ப்படிதலை ஒழுக்கமென்று நாள்தோறும் மாணவருக்குப் போதிக்கின்றோம். மறுக்க வேண்டிய இடத்தில் பணிவோடு மறுப்பதும் ஒழுக்கமே என்பதை எத்தனை நாள் போதித்திருக்கின்றோம்? மழை விட்டபின் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே எண்ணிக்கொண்டு நடந்தோம்.