'அண்டர் ப்ராசஸ்'னு திரையில் வந்தா கிளைம் உயிரோட இருக்குன்னு அர்த்தம் இல்லை



முன்னாள் படைவீரர் பென்ஷன் பற்றி வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "டிசெபிலிட்டி பென்ஷனுக்கு கிளைம் போட்டிருக்கோம், ஸ்டேட்டஸ் எங்கே பார்க்கிறது?" எந்த தளம், எந்த பட்டன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம். ஆனா அதை மட்டும் சொல்லிட்டுப் போனா உங்களுக்கு நல்லது செஞ்சதா ஆகாது. ஸ்டேட்டஸ் திரையை நம்பி உட்கார்ந்ததாலதான் எங்க குடும்பத்துலயே பணமும் போச்சு, காலமும் போச்சு.

என் சித்தப்பா ராணுவத்துல ஹவில்தார். ஊர் வேலூர் பக்கம். 2020ல் ரிட்டயர் ஆனார். வெளியே வரும்போது நடக்கிற ரிலீஸ் மெடிக்கல் போர்டில் ரத்தக்கொதிப்பு, 30 சதவீதம், வாழ்நாள் முழுக்கன்னு எழுதினாங்க. சர்வீஸ் பென்ஷன் ஒழுங்கா வந்தது. டிசெபிலிட்டி பங்கு மட்டும் வரலை. "லேட்டாகும்னு எல்லாரும் சொல்றாங்கடா"ன்னு இருந்துட்டார். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பையனை வச்சு ஆன்லைன்ல ஒரு புகார் போட்டார். நம்பர் வந்தது. பார்க்கும்போதெல்லாம் 'அண்டர் ப்ராசஸ்'. அதைப் பார்த்து அவருக்கு ஒரு தைரியம். அரியர் எப்படியும் வந்துரும்னு 3 லட்சத்துக்கு நகையை அடகு வச்சு மாடியில் ரெண்டு ரூம் கட்ட ஆரம்பிச்சார். வட்டி மட்டும் மாசம் 3,000.

2023ல் விஷயம் என் காதுக்கு வந்தது. ஆர்டிஐ போட்டோம். பதில்ல வந்த காகிதத்தைப் பார்த்து சித்தி அப்படியே திண்ணையில உட்கார்ந்துட்டாங்க. கிளைமை 2020லேயே நிராகரிச்சிருந்தாங்க. "ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல"ன்னு ஒரே வரி. அந்தக் கடிதம் அவர் காலி பண்ணின பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருக்கு. மேல்முறையீட்டுக்குக் கொடுத்திருந்த ஆறு மாதம் எப்பவோ முடிஞ்சு போச்சு.

அப்போ திரையில் 'அண்டர் ப்ராசஸ்'னு இருந்தது எது? அவர் போட்ட புகார். கிளைம் இல்லை. இந்த வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொல்லலை, திரையும் சொல்லலை. புகாருக்கு ஒரு நம்பர், கிளைமுக்கு ஒரு ஃபைல், ரெண்டும் வேற வேற. செத்துப்போன கிளைமைப் பற்றிய புகார் உயிரோட ஓடிக்கிட்டே இருக்கலாம்.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு புரியணும்னா ஃபைல் போற வழி தெரியணும். மெடிக்கல் போர்டு ராணுவ மருத்துவமனையில் நடக்குது. அதோட அறிக்கை உங்க ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், எம்இஜினா பெங்களூரு, சிக்னல்ஸ்னா ஜபல்பூர். (சித்தப்பா எந்தப் பிரிவுன்னு இங்கே வேண்டாம்.) ஏற்றுக்கொண்டா பிரயாக்ராஜில் இருக்கிற பிசிடிஏ பென்ஷன் அலுவலகம் பிபிஓ போடும், ஸ்பர்ஷ் வழியா பணம் வரும். ஏற்கலைன்னா, காரணம் எழுதி ஒரு கடிதம் வரும். அதுக்கு முதல் மேல்முறையீடு, அப்புறம் இரண்டாவது மேல்முறையீடு, அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நம்ம ஊருக்கு அதன் சென்னை அமர்வு.

ஸ்பர்ஷ்ங்கிறது அடிப்படையில் பென்ஷன் கொடுக்கிற அமைப்பு. பிபிஓ திருத்தம், மாதத் தொகை, ஆயுள் சான்று எல்லாத்துக்கும் அது நல்ல இடம். முன்னாடி பாங்க், டிபிடிஓன்னு அலைஞ்சவங்களுக்குத் தெரியும், எவ்வளவோ மேல். ஆனா உங்க மெடிக்கல் போர்டு பேப்பர் எந்த மேஜையில் இருக்கு, மேல்முறையீட்டை யார் படிக்கிறாங்க, இதெல்லாம் எங்களுக்கு எந்தத் திரையிலும் கிடைக்கலை. கிடைச்சது நாலு காகிதத்துல.

என்ன பணம் பேசுறோம்னு ஒரு கணக்கு பார்த்துடலாம். 100 சதவீதக் குறைபாட்டுக்கு டிசெபிலிட்டி பங்கு, கடைசியா வாங்கின ஊதியத்தில் 30 சதவீதம். ஊதியம் 40,000னு வச்சுக்குவோம். 100 சதவீதத்துக்கு 12,000. 30 சதவீதக் குறைபாட்டுக்கு 3,600. இதுல ரவுண்டிங் இருக்கு, 'பிராட் பேண்டிங்'னு சொல்வாங்க. 50க்குக் கீழே இருந்தா 50, 50 முதல் 75 வரை இருந்தா 75, அதுக்கு மேலே 100. முழு சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கும் இது பொருந்தும்னு 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போ 3,600 இல்லை, 6,000. வருஷத்துக்கு 72,000, அகவிலை நிவாரணம் தனி. சித்தப்பா இப்போ ஒரு ஏடிஎம் வாசல்ல செக்யூரிட்டியா நிக்கிறார். அவருக்கு இந்த 6,000 என்னன்னு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வந்தவங்களுக்குப் புது விதிகள். இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க.

சரி, என்ன செஞ்சோம்? முதல் வேலை, மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகல் கேட்டு ஆர்டிஐ. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் கொடுக்கணும். ஓய்வு பெற்றவர் தன் பெயரிலேயே, தன் கையெழுத்திலேயே கேட்கணும். "என் கிளைம் நிலை என்ன"ன்னு மட்டும் கேட்காதீங்க, அதுக்கும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னுதான் வரும். எந்தத் தேதியில் ஃபைல் எந்தப் பிரிவுக்குப் போனது, குறிப்பேட்டில் என்ன எழுதினாங்க, முடிவு எடுத்தவர் பதவி என்ன, கடிதம் எந்த முகவரிக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டதுன்னு தனித்தனியா கேளுங்க. தேதி கேட்டால்தான் தேதி வரும்.

அந்த நகலைப் படிச்சப்போதான் கிளைம் எதில் விழுந்ததுன்னு தெரிஞ்சது. நோய் ஆரம்பிச்ச இடம் 'பீஸ் ஸ்டேஷன்'னு எழுதியிருந்தாங்க. ரத்தக்கொதிப்பு விஷயத்தில் ஃபீல்டு ஏரியா, அதிக உயரப் பகுதி, கிளர்ச்சித் தடுப்புப் பணி இதெல்லாம் பார்க்கப்படும். சித்தப்பா அதுக்கு முன்னாடி ஃபீல்டில் இருந்தவர். அவர் பெட்டிக்குள்ள இருந்த பழைய பேப்பர்ல போஸ்டிங் தேதிகள் எல்லாம் இருந்தது. வேலையில் சேரும்போது எந்தக் குறையும் பதிவாகலைன்னா பின்னாடி வந்த நோய் பணியால் வந்ததுன்னுதான் கருதணும், இல்லைன்னா காரணத்தோடு போர்டு எழுதணும்னு 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. சித்தப்பா போர்டில் காரணம்னு இருந்தது ஒன்றரை வரி.

தாமதத்துக்கான விளக்கத்தோடு மேல்முறையீடு போட்டோம். பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையோட. அந்த அட்டைதான் அப்புறம் எங்களைக் காப்பாத்தினது. ஏன்னா தீர்ப்பாயச் சட்டத்தில் ஒரு வழி இருக்கு. மனு கொடுத்து ஆறு மாதம் ஆகியும் இறுதி உத்தரவு வரலைன்னா, துறைக்குள்ளே இருந்த வழிகளை முடிச்சதாகவே எடுத்துக்கிட்டு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அப்போ கேட்கிற கேள்வி, "நீங்க எப்போ கொடுத்தீங்க, ஆதாரம் என்ன?" ஸ்கிரீன்ஷாட்டை விட அந்த மஞ்சள் அட்டைக்கு மதிப்பு அதிகம். மத்திய அரசின் புகார் தளமான சிபிகிராம்ஸில் பொதுவா 21 நாளில் பதில் தரணும்னு 2024ல் வழிகாட்டுதல் வந்தது, முடிச்ச விதம் திருப்தி இல்லைன்னா அங்கேயே அப்பீலும் போடலாம். போடுங்க, தப்பில்லை. ஆனா புகார் போட்டதை மேல்முறையீடு போட்டதா நினைச்சுடாதீங்க. சித்தப்பா செஞ்ச தப்பு அதுதான்.

தாமதத்துக்கு விலையும் உண்டு. பென்ஷன் தொடர்ச்சியான உரிமை, காலம் போனாலும் கேட்கலாம்னு 2008ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. ஆனா அரியரை மனு போட்டதுக்கு முந்தைய மூணு வருஷத்துக்குன்னு சுருக்கிடுச்சு. உங்க வழக்கில் எவ்வளவுன்னு வழக்கறிஞர்தான் சொல்லணும், கேஸுக்கு கேஸ் மாறும். ஆனா பத்து வருஷம் சும்மா இருந்துட்டு பத்து வருஷ அரியர் கேட்கலாம்னு யாராவது சொன்னா நம்பி வீடு கட்டாதீங்க.

இங்கே எனக்கு அரசாங்கத்து மேலயும் ஒரு கோபம் இருக்கு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறையோட தளத்தில் ஒரு டிசெபிலிட்டி கிளைம் எட்டுப் படிகளா காட்டப்படுது. வாங்கிக்கொண்டோம், ஆரம்பப் பார்வை, ஆதாரம் திரட்டுறோம், ஆதாரத்தைப் பார்க்கிறோம், சதவீதம் போடுறோம், கடிதம் தயார் ஆகுது, கடைசி சரிபார்ப்பு, முடிவு. கூடுதல் ஆதாரம் வேணும்னா கிளைம் பின்னாடி ஒரு படிக்குத் திரும்பவும் போகும், அதுவும் தெரியும். அங்கேயும் காத்திருப்பைப் பற்றிப் புலம்பல் இருக்கு, சொர்க்கம் இல்லை. ஆனா 'உன் கிளைம் முடிஞ்சு போச்சு'ங்கிறதை ஒருத்தர் மூணு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. ஒருத்தரோட ஆயுள் சான்றை வருஷா வருஷம் கைரேகையில் சரிபார்க்கிற நாட்டில், நிராகரிப்புக் கடிதம் போன அன்னைக்கே அவர் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப முடியாதா? கிளைம் எண், முடிவு, மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி. மூணு வரி போதும்.

அது இல்லாத இடத்துலதான் ஏஜென்ட் வர்றார். சித்தப்பாகிட்ட ஒருத்தர் "தில்லியில ஆள் இருக்கு, அரியர்ல 20 பர்சென்ட்"னு பேசினார். நல்லவேளை, சித்தி விரட்டிட்டாங்க. ஓடிபி, பிபிஓ நகல் எதையும் அந்த மாதிரி ஆள்கிட்ட கொடுக்காதீங்க. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, மனு எழுத உதவி கேளுங்க.

பணக் கணக்கில் நான் சொல்றது கடுமையா இருக்கலாம். பிபிஓ கைக்கு வர்ற வரைக்கும் அந்தத் தொகை பூஜ்யம். பட்ஜெட்ல எழுதாதீங்க, அதைக் காட்டிக் கடன் வாங்காதீங்க. சித்தப்பா 14 மாசம் வட்டி கட்டினார், 42,000 ரூபாய். அப்புறம் ஒரு வளையலை வித்து மீதி நகையை மீட்டோம். மாடி ரூம் ரெண்டும் இன்னும் பூசாமத்தான் நிக்குது.

2024ல் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். அங்கே ஒரு நிம்மதி, வழக்கு எண் இருக்கு, வாய்தா தேதி இருக்கு. சித்தப்பா இப்போ ஒரு நீள நோட்டு வச்சிருக்கார். எந்த தேதியில் என்ன அனுப்பினார், யார் என்ன சொன்னார், தபால் ரசீது எல்லாம் அதுல ஒட்டியிருக்கு. பழைய முகவரியை எல்லா இடத்துலயும் மாத்தியாச்சு. போன வாரம் போன் பண்ணினார். "அடுத்த தேதி குடுத்திருக்காங்கடா, எழுதி வச்சுட்டேன்"னார். உத்தரவு எப்படி வந்தாலும் இங்கேயே எழுதுறேன்.