பச்சையாகத் தின்னும் தரத்தில் பாரை வேண்டும்!

மீனைப் பச்சையாகத் தின்பதா? சீச்சீ!

இப்படி முகம் சுளிப்பவர்கள்தான் நம்மில் அதிகம். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் இந்தப் பேச்சை எடுத்தால், "உப்பு, புளி, மிளகாய் எல்லாம் எதற்கு இருக்கின்றன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் ஜப்பானில் ராஜ விருந்தே அதுதான். மீனை மெல்லிய வில்லைகளாக அரிவார்கள். சோயா சாற்றில் தொடுவார்கள். மூக்கில் ஏறும் ஒரு கார விழுதைச் சிறிது வைத்துக் கொள்வார்கள். அடுப்பே கிடையாது. அதற்கு 'சஷிமி' என்று பெயர்.

சஷிமிக்கு மிக உயர்ந்தது என்று அவர்கள் கொண்டாடும் மீன்களில் ஒன்று 'ஷிமா அஜி'. அது யார் தெரியுமா? நம் பாரையின் நெருங்கிய உறவுக்கார மீன். குளிர் காலத்தில் கொழுப்பு ஏறி வரும் 'பூரி' என்ற மீனுக்கு அங்கே தனி மவுசு உண்டு. அதுவும் பாரைக் குடும்பம்தான். (நாம் கிழங்குடன் சாப்பிடும் பூரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!)

அந்தக் குடும்பத்து மீன் நம் கடலிலும் இருக்கிறது. கண்ணாடிப் பாரை இருக்கிறது. கட்டாப் பாரை இருக்கிறது. ஆளையே இழுத்துக் கொண்டு போகும் பெரும் பாரையும் இருக்கிறது. மீன் ஒன்றுதான். அங்கே அது தேன். இங்கே பல நாட்களில் அது நாற்றம். ஏன்?

வேங்கிக்கால்காரர்கள் பச்சை மீன் தின்னவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பச்சையாகத் தின்னும் தரத்தில் மீனைக் கேளுங்கள் என்கிறேன். வாங்கி வந்த பிறகு குழம்பு வையுங்கள், வறுத்துத் தின்னுங்கள். அது உங்கள் இஷ்டம்.

குழம்பில் கொதிக்காத விஷம்

"கொதிக்க வைத்து விட்டால் எல்லாக் கெடுதலும் போய்விடும்." இது நம் வீடுகளில் உள்ள பெரிய நம்பிக்கை. பாரை விஷயத்தில் இது பொய்.

பாரை, சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் 'ஹிஸ்டிடின்' என்ற பொருள் நிறைய உண்டு. மீன் செத்த பிறகு குளிரில் வைக்காமல் போட்டால், கிருமிகள் அதை 'ஹிஸ்டமின்' ஆக மாற்றி விடுகின்றன. ஒரு தடவை உண்டாகி விட்டால், அது கொதித்தாலும் போகாது. எண்ணெயில் பொரித்தாலும் போகாது. பிறகு ஐஸ் பெட்டியில் வைத்தாலும் போகாது.

தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும். உடம்பு அரிக்கும். தடிப்பு எழும்பும். தலை வலிக்கும். நெஞ்சு படபடக்கும்.

உடனே நம் வீட்டில் என்ன சொல்வார்கள்? "பாரை கரப்பான் மீன். உனக்கு ஆகாது." தீர்ப்பு எழுதி முடித்தாகி விட்டது! சிலருக்கு மீனே உண்மையில் ஒத்துக் கொள்ளாது என்பது வேறு விஷயம். அவர்கள் டாக்டர் சொல்படிதான் நடக்க வேண்டும். ஆனால் பாவம், பல தடவை குற்றவாளி பாரை அல்ல. கரையிலும் லாரியிலும் அது வெயிலில் கிடந்த நேரம்தான் குற்றவாளி.

கடலிலிருந்து வேங்கிக்கால் நூறு கிலோமீட்டருக்கு மேல். பக்கத்துக் கடலான புதுச்சேரியிலிருந்தே திண்டிவனம், செஞ்சி வழியாகத்தான் மீன் வந்து சேர வேண்டும். "எங்களுக்குக் கடலே இல்லையே, எங்களுக்கு எதற்கு இந்தப் பேச்சு?" என்று கேட்கலாம். கடல் இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு அவசியம். கரையில் இருப்பவன் மீனைத் துள்ளத் துள்ளப் பார்த்து வாங்குகிறான். மலையடிவாரத்தில் இருப்பவன் நம்பி வாங்குகிறான்.

அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டதுண்டு. 2018-ல் கேரளத்தில் பார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. பிணத்தைக் கெடாமல் வைக்கும் மருந்து அது. ஐஸ் போட வேண்டிய இடத்தில் அதைப் போட்டிருக்கிறார்கள்!

ஒரு கொக்கி, ஒரு மீன்

நல்ல பாரை எப்படி வரும்? தூண்டிலில் வரும்.

இழுவை வலையில் மீன்கள் மணிக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கி வருகின்றன. இரவில் விரித்த செவுள் வலையில் சிக்கிய மீன் எப்போது செத்தது என்பது அதற்குத்தான் தெரியும். தூண்டில் மீன் அப்படியல்ல. ஒவ்வொன்றாக, உயிரோடு, மனிதன் கைக்கு வருகிறது. அந்த ஒரு நிமிடத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதுதான் முழு ருசியும்.

ஜப்பானியர் அந்த நிமிடத்தை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கி விட்டார்கள். மீனைத் துடிக்க விடுவதில்லை. கூர்மையான ஊசியால் மூளையில் ஒரே குத்து. செவுளை அறுத்து ரத்தத்தை வடிய விடுவது. உடனே ஐஸ் கலந்த நீரில் போடுவது. இதற்கு 'இகெ ஜிமே' என்று பெயர். துடித்துச் சாகும் மீன் தன் உடம்பில் உள்ள சக்தியை எல்லாம் செலவழித்து விடுகிறது. சதையில் அமிலம் ஏறுகிறது. சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் தளர்ந்து விடுகிறது. அமைதியாகச் செத்த மீனில் அந்தச் சக்தி மிஞ்சி நிற்கிறது. அதுவே பின்னால் 'இனோசினிக் அமிலம்' என்ற ருசிப் பொருளாக மாறுகிறது. இந்த ருசியை 1913-ல் கொடாமா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கண்டுபிடித்தார். எதில்? நம் மாசிக் கருவாட்டுக்கு அண்ணன் தம்பியான ஜப்பானிய சூரைக் கருவாட்டில்!

ஜப்பானில் குளிர் கால இரவுகளில் கூடத் துறைமுகச் சுவர்மீது விளக்கடியில் ஆட்கள் நிற்பார்கள். கையில் மெல்லிய கோல். நூல் போன்ற நரம்பு. ஓரிரு கிராம் எடையுள்ள ஈயத்தலைக் கொக்கி, அதில் ரப்பர் புழு. சின்ன 'அஜி' மீனைப் பிடித்து அன்றிரவே சஷிமி. இது அங்கே ஏழை பணக்காரன் எல்லோருக்கும் பொழுதுபோக்கு.

நம் நாட்டிலும் இந்த விளையாட்டு வந்து விட்டது. அந்தமானுக்குப் பெரும் பாரையைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். பிடித்துப் படம் எடுத்துக் கொண்டு பெரும்பாலும் கடலிலேயே விட்டு விடுகிறார்கள். அது சரி. ஆனால் தின்னப் போகிற மீனிடம் மெல்லிய நரம்பை வைத்துக் கொண்டு அரை மணி நேரம் வீரம் காட்டுவதை நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். அத்தனை நேரம் போராடிய மீனின் சதை பாழ். ஒரு கிலோ பாரைக்கு மெல்லிய நரம்பு போதும். பெரிய பாரைக்குப் பெரிய நரம்பு போட்டுச் சட்டென்று ஏற்றி விட வேண்டும். விளையாட்டு வேறு, சாப்பாடு வேறு.

தூண்டிற்காரனுக்கு என்ன கிடைக்கிறது?

நம் மீனவர்களுக்கு இது தெரியாதா? தூண்டில் தொழிலில் அவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர் ஆட்கள் தூண்டிலை நம்பியே அரபிக் கடலின் நடுப்பகுதி வரை போகிறவர்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது கரை திரும்பாமல் போனவர்களில் அந்தப் பக்கத்துத் தூண்டில் படகுக்காரர்கள் எத்தனை பேர்! குளிர் காலத் தொடக்கத்தில் கடலுக்குப் போவதன் விலை அது.

அப்படிப் பிடித்த மீன் கரைக்கு வருகிறது. பல கரைகளில் என்ன நடக்கிறது? வலை மீனும் தூண்டில் மீனும் ஒரே ஏலம். ஒரே குவியல். ஒரே விலை. பிறகு எதற்கு அவன் ரத்தம் வடிக்க வேண்டும்? எதற்குப் பணம் கொடுத்து ஐஸ் ஏற்ற வேண்டும்? நம் வெப்பத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பது கணக்கு. சிறு படகில் அத்தனை ஐஸ் ஏற்றினால் மீனுக்கு இடம் குறையும். அந்த நஷ்டத்தை யார் கொடுப்பது?

நாம்தான் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை வைத்துத் 'தூண்டில் மீன், படகிலேயே ஐஸ் போட்டது' என்று தனியாக விற்கட்டும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கணக்குப் பார்க்காத கை, பாரைக்கு மட்டும் ஏன் பேரம் பேசுகிறது?

ஆசைப்பட்டு விடாதீர்கள்!

இதைப் படித்து விட்டு யாராவது பக்கத்து ஏரியில் பிடித்த மீனைப் பச்சையாக அரிந்து பார்க்கப் போகிறார்கள்! வேண்டவே வேண்டாம். நன்னீர் மீனில் வேறு வகைப் புழுக்கள் உண்டு. வடகிழக்குத் தாய்லாந்தில் ஆற்று மீனைப் பச்சையாகத் தின்னும் வழக்கம் உண்டு. அதனால் ஈரலில் புழு குடியேறி, பித்தக் குழாயில் புற்றுநோய் வரை போயிருக்கிறது. சாத்தனூர் அணை மீனைப் பொரித்துத் தின்பதுதான் அழகு.

கடல் மீனிலும் 'அனிசாகிஸ்' என்ற புழு இருக்கலாம். பச்சையாகத் தின்னும் மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு இலாகாவின் யோசனை. வீட்டுப் பிரிட்ஜ் அவ்வளவு குளிர்வது சந்தேகம். ஆகவே நமக்கு அடுப்புதான்.

கார்த்திகை தீபமும் மார்கழியும் போகட்டும். அந்த இரண்டு மாதமும் இந்த ஊரில் பல வீடுகளில் மீன் சட்டி கவிழ்ந்துதான் கிடக்கும். தை பிறந்தால் மழை ஓய்ந்து, கடலும் அடங்கும். இரவுக் குளிரில் வண்டியில் வரும் மீனுக்கும் சற்று நல்ல காலம்.

பொங்கல் முடிந்த கறிநாளில் பாரை வாங்கப் போகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும். வெட்டிய துண்டில் நடுவே ஓடும் கறுஞ்சதை சிவப்பாக இருந்தால் சரி. காப்பி நிறமாக இருந்தால் கையை எடுத்து விடுங்கள்.

பிறகு கடைக்காரரிடம் கேளுங்கள்: "அண்ணே, இது தூண்டில் மீனா? ஐஸ் எங்கே போட்டது, படகிலா, கரையிலா?"

முதல் நாள் சிரிப்பார். நாலு பேர் கேட்டால் விசாரித்து வைப்பார். பத்துப் பேர் கேட்டால் அவரே புதுச்சேரிக்குப் போன் போட்டுக் கேட்பார்.