மனமிருக்கிறது, மார்க்கத்தை அடைத்தது யார்?

"முப்பத்தைந்து வயதில் காலேஜா? பிள்ளையைப் படிக்க வையப்பா, உனக்கெதற்கு?" என்று மில்லுக்குள் மேஸ்திரி கேலி பேசுகிறார். "மனமிருந்தால் மார்க்கமுண்டு, இரவில் கண்விழித்துப் படிக்கட்டுமே!" என்று மேடையில் முதலாளி உபதேசம் செய்கிறார். கேலியும் உபதேசமும் ஒரே வயிற்றில் பிறந்தவைதான், தோழர்களே!

மனம் இல்லாமலா மாலைக் கல்லூரியில் தொழிலாளி பெயர் கொடுக்கிறான்? இந்த வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் அரை நைட், அதற்கடுத்த வாரம் முழு நைட்! மூன்று வாரத்தில் ஒரு வாரம் வகுப்புக்குப் போகிறவன் எதைப் படிப்பான்? அஞ்சல் வழியில் படிக்கும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கோ வகுப்புக்குப் போகும் நாளெல்லாம் கூலியில்லா நாள். அவளுக்குக் கல்விக் கட்டணம் இரண்டு: ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, இன்னொன்று அடுப்பிலிருந்து!

இது போதாதென்று 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். தொழிலாளர் கொதித்தெழுந்ததால் அவ்வாண்டு மே தினத்தன்று அது வாபஸானது. அது நிலைத்திருந்தால் புத்தகத்தைத் திறக்க எந்த நேரம் மிஞ்சியிருக்கும்?

எல்லாம் தாண்டிப் பட்டம் வாங்கியவன் கதி என்ன? பள்ளிப் படிப்பை முடிக்காதவருக்கும் கதவு திறந்தோம் என்று திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் அழைத்தன, கட்டணம் வாங்கின, பட்டமும் கொடுத்தன. பத்தாவதும் பன்னிரண்டாவதும் தேறாமல் பெற்ற அந்தப் பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009ல் தமிழக அரசு உத்தரவு போட்டது. பணம் வாங்கும்போது செல்லுபடியான ஏழை, வேலை கேட்கும்போது செல்லாக்காசா?

வேறு வழியே இல்லையா? உண்டு! பஞ்சத்திலும் உள்நாட்டுப் போரிலும் சிக்கியிருந்த சோவியத் நாடு, 1919லேயே தொழிலாளரையும் விவசாயிகளையும் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யத் தனிக் கல்விப் பிரிவுகளைத் திறந்தது. சம்பளத்துடன் கல்வி விடுப்பு வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1974ல் 140வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. அரை நூற்றாண்டு கடந்தும் இந்திய அரசு அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஏன்?

நானும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். சம்பளச் சீட்டில் எதற்குப் பிடித்தம் என்று கேட்கத் தெரிந்த தொழிலாளியைக் கண்டால் நிர்வாகம் முகம் சுளிப்பதைப் பல வாசல்களில் பார்த்திருக்கிறேன். அவர்கள் அஞ்சுவது நம் வயதைக் கண்டல்ல, நம் அறிவைக் கண்டு!

ஆகவே, தோழர்களே, போனஸோடும் பஞ்சப்படியோடும் இவற்றையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள்: படிக்கும் தொழிலாளிக்கு மாறாத ஷிப்டு! பரீட்சைக்குச் சம்பளத்துடன் விடுப்பு! விவசாயத் தொழிலாளிக்கு வகுப்பு நாளுக்குக் கூலி ஈடு! உழைத்துப் பெற்ற பட்டத்துக்கு அங்கீகாரம்!

எட்டு மணி நேர வேலையை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. படிக்கும் நேரத்தையும் போராடித்தான் பெற வேண்டும்!