கோமிதாஸின் ஏர்ப்பாட்டும் வன்னியின் வயற்பாட்டும்

நமக்கு மே 18 எப்படியோ, ஆர்மேனியர்களுக்கு ஏப்ரல் 24 அப்படி. 1915ஆம் ஆண்டு அந்த நாளில் ஒட்டோமன் பேரரசின் தலைநகரான கொன்ஸ்தாந்திநோபிளில் ஆர்மேனியக் கவிஞர்கள், பத்திரிகையாளர்கள், மதகுருக்கள் என இருநூறுக்கும் மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டு உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. திரும்பிவந்த சிலரில் ஒருவர் கோமிதாஸ் வர்தாபெத். அவர் ஒரு துறவி, இசையமைப்பாளர், ஊர் ஊராகச் சென்று குடியானவர்களின் பாட்டுகளை எழுதியெடுத்தவர். உயிர் தப்பினாலும் அவரது மனம் தேறவில்லை. 1935 ஒக்டோபரில் பாரிசில் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மனநல மருத்துவமனைகளிலேயே கழிந்தன.

இன்று யெரெவானிலுள்ள அரச இசைக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2015இல் அவருக்கென அருங்காட்சியகமும் ஆய்வு நிறுவனமும் திறக்கப்பட்டன. 2023இல் அவரது ஆக்கங்களின் தொகுப்பை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டெம்பரில்தான் நாகோர்னோ கரபாக்கிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் இடம்பெயர்ந்தார்கள். இழப்புத் தொடர்கிறது, பாட்டும் தொடர்கிறது. அந்தப் பாட்டு எப்படித் தப்பியது என்பதை வன்னியில் இருக்கும் நாம் கொஞ்சம் கவனமாகப் பார்ப்பது நல்லது.

1869இல் பிறந்த கோமிதாஸ் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். துருக்கி மொழி மட்டுமே பேசிய அந்தப் பிள்ளையை, அவனது குரலுக்காக எச்மியாட்சின் மடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்குதான் ஆர்மேனிய மொழியைக் கற்றார். 1896 முதல் 1899 வரை பேர்லினில் இசை படித்தார். ஊர்களுக்குப் போனபோது அவர் பாட்டின் சொல்லையும் மெட்டையும் மட்டும் எழுதவில்லை. லோரிப் பகுதியின் ஏர்ப்பாட்டை எழுதியபோது, உழுபவர் மாட்டை அதட்டும் ஒலியையும், உழவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலையும், வேலையின் எந்தக் கட்டத்தில் எந்த அடி வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதினார். பாட்டோடு அந்த வயலும் தாளில் பதிந்தது.

அவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளை எழுதியதாகச் சொல்லப்படுகிறது. எஞ்சியவை ஏறத்தாழ 1200. அந்த அளவாவது மிஞ்சியதற்குக் காரணம் பலருடைய உழைப்பு. அவரது மாணவர்கள் பிரதிகளை நாடு கடந்து கொண்டுபோனார்கள். மிஹ்ரான் துமாஜான் என்ற மாணவர், உயிர் தப்பிப் புலம்பெயர்ந்தவர்களிடமிருந்தே ஊர்ப் பாட்டுகளைக் கேட்டு எழுதினார். 1960 முதல் றொபேர்ட் அத்தாயான் கோமிதாஸின் கையெழுத்துப் படிகளைத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தார். பாடகர் குழுக்கள் அவற்றை மேடையில் பாடிக்கொண்டே இருந்தன.

வன்னிக்கும் இப்படியானவர்கள் இருந்தார்கள். மெற்றாஸ்மயில், அருணா செல்லத்துரை போன்றோர் இங்குள்ள பாட்டுகளையும் கூத்துகளையும் தொகுத்து நூலாக்கினார்கள். முல்லைமணி வன்னியின் வாழ்வு பற்றித் தொடர்ந்து எழுதினார். ஆனால் அச்சில் நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சொல்தான். மெட்டு பாடியவர்களின் தொண்டையில் இருந்தது. 2008, 2009இல் கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று சனம் ஓடியபோது கூத்துக் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் வழியில் விடுபட்டன. பாடியவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் போடவும் முடியாது. அருவி வெட்டுப் பாட்டுக்குப் பத்துப் பேர் வரிசையாகக் குனிந்து நிற்கும் வயல் வேண்டும். இப்போது வெட்டு மெசின் ஒரு பொழுதில் வேலையை முடித்துவிடுகிறது. சூடு மிதிக்க மாடு இல்லை, மாட்டை விரட்டும் பாட்டுக்கும் இடமில்லை. இதற்கு மாறாக, முல்லைத்தீவின் கோவலன் கூத்து நிற்கிறதென்றால் அதன் பின்னால் கண்ணகி வழிபாடு இருக்கிறது. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் வருகிறவரை கண்ணகியின் கதையைக் கேட்கச் சனம் வரும். சடங்கோடு ஒட்டியது தங்குகிறது. வேலையோடு ஒட்டியது வேலை மாறியதும் போய்விடுகிறது.

ஆகவே வயற்பாட்டுக்குப் புதிய இடம் தேடிக் கொடுக்கவேண்டும். தமிழ்த்தினப் போட்டியும் பிரதேச செயலகங்களின் பண்பாட்டு விழாவும் ஓரளவு இடம் தருகின்றன. அங்கு கீபோர்ட்டும் மேடை உடுப்பும் சேர்வதில் தவறில்லை. கோமிதாஸும் ஒற்றைக் குரல் பாட்டைப் பலகுரல் பாட்டாக்கித்தான் மேடையேற்றினார். ஆனால் ஊரில் கேட்டபடியே எழுதிய படி அவரிடம் தனியாக இருந்தது. நம்மிடம் அந்த மூலப்படி இல்லாமல் மேடைப்படி மட்டும் மிஞ்சினால், பத்து வருடத்தில் மேடையில் கேட்டதுதான் பழைய பாட்டு என்றாகிவிடும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கைபேசி போதும். பாடுபவர் யார், எந்த ஊர், யாரிடம் பழகினார், எந்த வேலைக்குப் பாடியது என்ற நான்கு விபரங்களைப் பாட்டுக்கு முன் அவரையே சொல்லவைத்துப் பதிய வேண்டும். அவருடைய சம்மதமும் அதில் இருக்கவேண்டும். ஒரு பிரதி பாடசாலையில், ஒன்று நூலகம் போன்ற எண்ணிம ஆவணகத்தில், ஒன்று புலம்பெயர்ந்த உறவுகளிடம் இருக்கட்டும். ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை 1981இல் யாழ்ப்பாணத்தில் பார்த்துவிட்டோம்.

கோமிதாஸ் விட்டுச்சென்றதில் ஏர்ப்பாட்டும் கல்யாணப் பாட்டும் காதல் பாட்டும் ஆட்டப் பாட்டுமே நிறைய. படுகொலையின் அடையாளமாக நினைக்கப்படும் மனிதர், படுகொலைக்கு முன்னிருந்த வாழ்வைத்தான் எழுதிவைத்தார். வன்னி என்றதும் உலகம் முள்ளிவாய்க்காலை மட்டும் காண்கிறது. 2009க்குப் பிறகு பிறந்த நம் பிள்ளைகளும் அப்படியே காணத் தொடங்கிவிட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் அதற்கு முன் வயலில், காட்டில், கோயில் வீதியில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல, அவர்கள் பாடியதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதைப் பாடத் தெரிந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். அடுத்த காலபோக அறுவடைக்குக் காத்திராமல் இப்போதே அவர்களிடம் போய் உட்காரவேண்டும்.