பூ உதிர்ந்த செடி

சீனப் புத்தாண்டு முடிந்து சில வாரங்கள் போனதும், லாபிஸ் தாமான்களில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஆர்க்கிட் செடிகள் வந்து சேர்கின்றன, தங்க நிறத் தாள்கூடப் பிரிக்கப்படாமல். பூ உதிர்ந்துவிட்டால் செடியும் முடிந்தது என்று நினைக்கிறோம். பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. ஃபெலனாப்சிஸ் எனப்படும் இந்த ஆர்க்கிட், காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, இலைகளுக்கிடையே கசியும் வெளிச்சத்தில் ஆண்டுக்கணக்கில் வாழும் செடி. உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை கருகிவிடும். கிழக்குச் சன்னலோரம், மெல்லிய திரைக்குப் பின்னால் இருந்தால் போதும். தண்ணீர் ஊற்ற நாள்கணக்கு வேண்டாம், வேரைப் பாருங்கள்: காய்ந்திருந்தால் வெள்ளி பூத்த சாம்பல் நிறம், நனைத்தால் கண்ணெதிரே பச்சையாகும். குருத்தில் மட்டும் நீர் தேங்கக் கூடாது, அழுகிவிடும். இத்தனை செய்தும் பூக்காவிட்டால் அது வளர்ப்பவர் குறையல்ல. கடையில் வாங்கும் பெரிய பூ வகைகள் புதுப் பூந்தண்டு விடச் சில வாரங்களாவது பகலிலும் 26 டிகிரிக்குக் கீழான குளிர்ச்சி வேண்டும். கேமரன் மலையில் அது உண்டு, செம்பனை சூழ்ந்த நம் ஊரில் கிடைப்பது அரிது. ஆனால் இந்த மலாய்த் தீபகற்பத்துக் காட்டிலேயே பிறந்த ஃபெலனாப்சிஸ் வயலேசியா நம் வெக்கையிலும் பூக்கும், வாசமும் உண்டு. பச்சையாக உள்ள தண்டை வெட்டாமல் விட்டால் அதே தண்டில் மறுபடியும் மொட்டு வரும். காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை அல்ல, பண்ணையில் வளர்த்ததைச் செடிக்கடையில் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அவர்களும் தருவிப்பார்கள்.